ஆஃபர் லெட்டர் இல்லாத உத்தியோகம்

அமெரிக்க ஜனாதிபதிக்கு வருஷத்துக்கு 4 லட்சம் டாலர் சம்பளம். 2001லேர்ந்து இதே தொகைதான். அவரோட வீட்டம்மாவுக்கு? சைபர். விருந்து, வெளிநாட்டுப் பயணம், பள்ளிக்கூடத்துல குழந்தைகளுக்குக் கதை வாசிக்கறதுன்னு நாலு வருஷம் ஓடணும். ஆஃபர் லெட்டர் கிடையாது, அப்ரைசல் மட்டும் தினமும் பேப்பர்ல வரும் :-)

இதுல பெரிய கூத்து 1978ல வந்த சட்டம். ஜனாதிபதியோட கடமைகள்ல அவரோட துணை உதவி செஞ்சா, அந்த உதவிக்கு உதவியா ஆள் வச்சுக்கலாமாம். அந்த ஆட்களுக்கு அரசாங்கச் சம்பளம் உண்டு. அம்மணிக்குக் கிடையாது!

"உதவி"ன்னு ஒத்தை வார்த்தையில முடிக்கற விஷயமா இது? எலினார் ரூஸ்வெல்டை எடுத்துக்குங்க. 1933ல வெள்ளை மாளிகைக்கு வந்த கையோட பத்திரிகையாளர் சந்திப்பு நடத்த ஆரம்பிச்சார், பெண் நிருபர்களுக்கு மட்டும். ஆம்பளைங்களை மட்டுமே வச்சிருந்த செய்தி நிறுவனங்கள் வேற வழியில்லாம பெண்களை எடுத்தாங்க. 1935 கடைசியில தொடங்கின பத்திரிகைப் பத்தியை 1962 வரை விடலை, பெரும்பாலான வருஷம் வாரத்துக்கு ஆறு நாள். (ஒரு பதிவு போடவே எனக்கு மூணு வாரம் ஆகுது.) கணவர் போலியோவால நடக்க முடியாதவர். ஊர் ஊராப் போய்ப் பார்த்துட்டு வந்து அவருக்குச் சொன்னது இவர்தான். அந்த 12 வருஷத்துல அரசாங்கத்துல முறையா பதவி ஏத்துக்கிட்டது ஒரே தடவை. 1941 செப்டம்பர்ல சிவில் பாதுகாப்பு அலுவலகத்துல, அதுவும் சம்பளமில்லாம. நாடாளுமன்றத்துல திட்டித் தீர்த்தாங்க. 1942 பிப்ரவரியில ராஜினாமா.

எடித் வில்சன் கதை நேரெதிர். 1919 அக்டோபர்ல உட்ரோ வில்சனுக்குப் பக்கவாதம். எந்தக் காகிதம் அவர் கண்ணுக்குப் போகணும், யார் உள்ள வரணும்னு மாசக்கணக்குல முடிவு பண்ணினது எடித். ஓட்டும் இல்லை, நியமனமும் இல்லை. ஏதாவது தப்பாப் போனா யாரைப் பிடிச்சுக் கேக்கறது?

1993ல கிளிண்டன், மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தக் குழுவுக்கு ஹிலாரியைத் தலைவராப் போட்டார். வெளியாள் இருக்கற ஆலோசனைக் குழுன்னா கூட்டத்தைத் திறந்து வைக்கணும்னு சட்டம். டாக்டர்கள் சங்கம் ஒண்ணு கேஸ் போட்டுது. மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அவரும் அரசு ஊழியர் மாதிரிதான்னு சொல்லிடுச்சு. அதாவது, கதவைச் சாத்தணும்னா ஊழியர், சம்பளம்னா குடும்பத்தலைவி!

சம்பளம் குடுங்கன்னு நான் சொல்ல வரலை. கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்குச் சம்பளம்னா அது இன்னும் அசிங்கம். கொள்கை வேலை பார்க்கறவங்களுக்குப் பேர் போட்டு உத்தரவு குடுங்க. 1979ல ரோஸலின் கார்ட்டர் மனநலம் பத்தி செனட் குழு முன்னாடி உட்கார்ந்து பதில் சொன்னாரே, அப்படி எல்லாரும் வந்து பதில் சொல்லட்டும். உறவுக்காரங்களை அரசு வேலைக்குப் போடறதைத் தடுக்கற 1967 சட்டம் குறுக்க வரும்தான். திருத்துங்க. முடியாதுன்னா அந்த வேலையை வாங்காதீங்க, அவங்கவங்க தொழிலைப் பார்க்க விடுங்க.

எலினார்கூட 1933ல தன்னோட டீச்சர் வேலையை விட்டுட்டுத்தான் வெள்ளை மாளிகைக்கு வந்தார். அங்க இருந்துக்கிட்டே பழைய வேலைக்குச் சம்பளத்தோட போய்வந்த முதல் ஆள் ஜில் பைடன். 2021லேர்ந்து 2024 கடைசி வரை வர்ஜீனியாவுல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல பாடம் எடுத்தார், பரீட்சைப் பேப்பர் திருத்தறது உட்பட.