கண்மை மீசை

கல்லாமை மாம்பழப் பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு ஜூன் மாதக் காலை. அடுத்த தெருவில் இருக்கும் மாந்தோப்புக் குத்தகைக்காரர் ஒரு கட்டைப்பை நிறையப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே மகள். பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறாள்.

“எக்கா, பதினொண்ணுக்குப் பாப்பாவ எங்க சேக்கலாம்?”

“என்ன குரூப்பு எடுக்கப் போறத்தா?” என்று அவளைக் கேட்டேன்.

“காமர்ஸ்தான்க்கா. அதான் லேசா இருக்குமாம்.” பதில் அப்பாவிடமிருந்து வந்தது. மகள் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடத்துலயே போட்டுரலாம்னு இருக்கேன். வயசுப் பிள்ளை. நமக்கும் நிம்மதி பாருங்க.”

“நல்லதுதான் தம்பி, சேருங்க” என்றேன். அவர் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார். அப்புறம்தான் உறைத்தது. அவர் சேர்ப்பதற்கு வைத்திருந்த காரணம் வேறு. நான் சேருங்கள் என்று சொன்னதற்கு என் மனதில் இருந்த காரணம் வேறு. அதைச் சொல்லாமலே அனுப்பிவிட்டேன். இந்த வாரப் பத்தி அவருக்காக.

நானும் பெண்கள் பள்ளியில் படித்தவள்தான். ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழாவுக்குக் கண்ணகி நாடகம் போட்டோம். கண்ணகியாக நடிக்க வகுப்பே போட்டி போட்டது. முழங்கால் வரை முடி வைத்திருந்தவளுக்கு அந்த வேடம் போய்விட்டது. வளர்ந்து தொலைத்த குற்றத்துக்கு எனக்குப் பாண்டிய மன்னன். தமிழம்மா கண்மையைக் குழைத்து எனக்கு மீசை வரைந்தார். ஒத்திகையில் நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, “ராசா இப்படியாடி ஒடுங்கி நிப்பான்? கால அகட்டி நில்லு. பேசுறது கடைசி வரிசைக்குக் கேக்கணும்” என்று அதட்டினார்.

அதுவரை பெரியவர்களிடமிருந்து எனக்கு வந்த உத்தரவெல்லாம் காலைச் சேர்த்து உட்கார், மெதுவாகப் பேசு என்பவைதான். முதல்முறையாக ஒருவர் நேர்மாறாகச் சொன்னார். அந்த நாடகத்தில் பாண்டியன் தோற்றுச் சாகிறவன் என்பது வேறு விஷயம். தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்த்த பிறகும் மீசை இரண்டு நாள் லேசாகத் தெரிந்தது. குரல் மட்டும் பிறகு இறங்கவே இல்லை.

ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பள்ளியாக இருந்திருந்தால் பாண்டியன் வேடம் யாராவது ஒரு பையனுக்குப் போயிருக்கும். யாரும் எனக்கு அநியாயம் செய்ய நினைத்திருக்க மாட்டார்கள்; யோசித்தே இருக்க மாட்டார்கள். இங்கே கொடுக்கப் பையன் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

பையன் இல்லாததால் மணி அடிப்பவளும் பெண், பெஞ்சு தூக்குபவளும் பெண். கொடிக்கம்பத்தில் கயிறு சிக்கினால் எடுத்துவிடுபவள், மைக் செட்காரரோடு வயர் இழுப்பவள், அணிவகுப்பில் முன்னால் நடப்பவள், கோ-கோ அணிக்காக நடுவரோடு மல்லுக்கட்டுபவள் எல்லாமே பெண்தான். எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் அண்ணனைத் தேடுவார்கள். அவன் வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்போம். பள்ளி ஆய்வகத்தில் ஒருநாள் ஃபியூஸ் போனது. இயற்பியல் டீச்சர் மெயினை அணைத்துவிட்டு, ஃபியூஸ் கட்டையை என் கையில் கொடுத்து, கம்பியை எப்படிச் சுற்றுவது என்று பக்கத்திலேயே நின்று சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அண்ணனுக்காகக் காத்திருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மாதத்தில் அந்த மூன்று நாள். பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, “வயித்து வலி சார்” என்று பாதி உண்மை சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. “டீச்சர், பேட் இருக்கா?” என்று வகுப்பிலேயே கேட்கலாம். கேட்டவள் கூசவில்லை, கொடுத்தவளும் கூசவில்லை. தன் உடம்பைப் பற்றி முழுக் குரலில் ஒரு வாக்கியம் பேச முடிகிற இடம் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு வேறு எங்கே இருக்கிறது?

பெண்கள் பள்ளி என்றாலே நம் ஆட்கள் அடுத்து எடுப்பது மதிப்பெண் பேச்சு. அதற்கும் நம் மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது. 2023 மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தபோது 600க்கு 600 வாங்கியவள் திண்டுக்கல் அண்ணாமலையார் மில்ஸ் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவி. அரசு உதவி பெறும் பள்ளி. அப்பா தச்சுத் தொழிலாளி. அவள் படித்ததும் வணிகவியல் பிரிவுதான். ‘லேசான குரூப்பு’ என்று நினைக்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் அதே ஆண்டுக் கணக்கை முழுதாகப் பார்த்தால் பேச்சு கொஞ்சம் மாறும். பெண்கள் பள்ளிகளின் தேர்ச்சி 96.04 சதவீதம், இருபாலர் பள்ளிகள் 94.39. பார்த்தீர்களா என்று துள்ளத் தோன்றும். பொறுங்கள். எல்லா வகைப் பள்ளிகளிலும் படித்த மாணவிகளை மட்டும் எடுத்தால் தேர்ச்சி 96.38. அதாவது, பெண் பிள்ளை எங்கே உட்கார்ந்து படித்தாலும் தேறிவிடுகிறாள். வெளிநாட்டு ஆய்வுகளும் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. சியோல் நகரில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து அனுப்புவார்கள். அதை வைத்து ஆராய்ந்தவர்கள் ஒருபாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் சற்றுக் கூடுதல் என்றார்கள். 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய எட்டு ஆய்வாளர்களோ, அதற்கு உருப்படியான ஆதாரமே இல்லை, பிரித்து வைப்பதால் ஆண்-பெண் பேதம்தான் வளரும் என்றார்கள். ஆகவே மதிப்பெண்ணை நான் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

பக்கத்து மாநிலத்திலும் எதிர்க்குரல் கேட்டது. 2022இல் கேரளக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று பள்ளிகள் தனித்தனியாக இருக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் இருபாலர் பள்ளியாக்குங்கள் என்று உத்தரவிட்டது. வெளியே வந்தால் சேர்ந்துதானே வேலை பார்க்க வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. பையன்களோடு பேசிப் பழகாத நான், கல்லூரி முதல் வருடத்தில் நோட்டு கேட்ட ஒரு பையனிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு, புது நோட்டு வாங்கி எல்லாவற்றையும் மறுபடி எழுதியவள். அந்தக் கூச்சம் தெளிய ஒரு பருவம் ஆனது. ஆனால் ஒரு பருவம்தான். கூட்டத்தில் எழுந்து பேசப் பயம் என்றால் அது பலருக்கு ஒரு ஆயுள் வரைக்கும் போகும். அந்தப் பயத்தை நான் பள்ளியிலேயே இறக்கி வைத்துவிட்டிருந்தேன்.

தனியாகப் படித்தவள் வெளியே வந்து சமாளிப்பாளா என்று சந்தேகம் இருந்தால் காந்திகிராமத்தைப் பாருங்கள். அந்த நிறுவனத்தை 1947இல் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். குழுமத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சிறு வயதில் கல்யாணம், இளம் வயதில் கைம்மை. அந்த நிலையில் அவர் டெல்லி போய் மருத்துவம் படித்தது லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில். பெண்களுக்கென்றே 1916இல் தொடங்கிய கல்லூரி அது. கைம்பெண்ணைப் படிக்க அனுப்ப அந்தக் கால வீடுகளுக்கு அப்படி ஒரு மதில் தேவைப்பட்டது. மதிலுக்குள் போனவர் உள்ளேயே இருந்துவிடவில்லை. கிராமம் கிராமமாக வைத்தியம் பார்த்தார், சட்டமன்றம் போனார், 1962இல் நம் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி மத்தியக் கல்வித் துணை அமைச்சரும் ஆனார். அவரோடு அந்த அவைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷனரிகள் பெண் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து கதை இதுதான். பெற்றோர் பயத்தில் அனுப்புகிறார்கள். பிள்ளை பயம் தெளிந்து திரும்புகிறாள். குத்தகைக்காரர் தம்பி சொன்ன நிம்மதியை நான் குறை சொல்லவில்லை. அந்த நிம்மதியால்தான் கரந்தமலை அடிவாரத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி நத்தத்துக்குப் படிக்க வருகிறார்கள். அது கதவைத் திறக்கும் சாவி. அதையே படிப்பு என்று நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் மதில் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் நடக்காத பெண்கள் பள்ளிகளும் உண்டு. ஒரு பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன்; பெயர் வேண்டாம். பிள்ளைகள் சத்தமாகச் சிரித்ததற்கு ஒரு ஆசிரியை கண்ணை உருட்டினார். விளையாட்டு நேரத்தில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மைக் சரிசெய்ய வெளியிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். ஆயிரம் பெண்கள் அவனை வேடிக்கை பார்த்தார்கள். வீட்டில் இருக்கும் அதே அடக்கத்தைப் பெரிய கட்டடத்தில் நடத்தினால் அதற்குப் பள்ளி என்று பெயர் வைத்து என்ன பயன்? அதைவிட, பெண் பிள்ளையை வகுப்புத் தலைவியாக்கி, பந்தையும் அவள் கையில் கொடுக்கிற இருபாலர் பள்ளி எவ்வளவோ மேல்.

ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்தக் கணக்கு நம் ஊர் அப்பாக்களுக்கு மனப்பாடம். பள்ளியில் சேர்க்கும் அன்று இன்னும் சிலவற்றையும் விசாரியுங்கள். இங்கே மணி அடிப்பது யார்? காலைக் கூட்டத்தில் மைக் பிடிப்பது யார்? மைதானம் இருக்கிறதா, பந்து வெளியே வருகிறதா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? பிள்ளை கேட்கிற குரூப் உண்டா, இல்லை இருக்கிற குரூப்பில் பிள்ளையைத் தள்ளிவிடுவார்களா?

கடைசியாக, தம்பிக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் எழுதும் மேஜைக்கு முன்னால் என்ன குரூப் என்று கேட்பார்கள். தயவுசெய்து நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பாப்பா சொல்லட்டும்.