ஏட்டில் மட்டும் மலரும் ஆம்பல்

நான் வகுப்பில் கையாண்ட உரைநூலில் ஆம்பலுக்கும் குவளைக்கும் நெய்தலுக்கும் ஒரே பொருள்தான் தரப்பட்டிருந்தது: ‘ஒருவகை நீர்ப்பூ’. அதனை எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவனும் அப்பூவைக் கண்டதில்லை. மதிப்பெண் வழங்கிய நானும் கண்டதில்லை. ஆகவே பிறரைப் பழிக்கும் தகுதி எனக்குக் குறைவே. ஆயினும் சொல்லாதிருத்தல் இயலவில்லை.

பாலை நிலத்தில் வாழ்வோர்க்கு இக்குறை பொறுக்கத்தக்கது. நாம் வாழ்வதோ பேராவில்! கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய குழிகளெல்லாம் இன்று நீர்நிலைகள். 1985இல் ஈய விலை வீழ்ந்து சுரங்கங்கள் மூடப்பட்டன. பத்து காஜாவை அடுத்த ஈயக்குட்டைகளை நாரையும் கொக்கும் தமக்குரியன ஆக்கிக்கொண்டன. நாமோ தென் அமெரிக்காவிலிருந்து வந்து நீரை அடைக்கும் வெங்காயத் தாமரையைக் காட்டித் ‘தாமரை’ என்கிறோம். விழா மேடைக்கு நெகிழிப் பூ வாங்குகிறோம். ஆம்பல் தமிழகத்திலிருந்து கப்பலேறி வரவேண்டிய பூ அன்று. இத்தீபகற்பத்துக்கும் இயல்பாக உரியது.

595ஆம் குறளை எடுத்துக்கொள்வோம். நீரின் ஆழத்தளவே பூத்தண்டின் நீளம் என்பது அதன் உவமை. மலர் என்னும் சொல் அங்கே தண்டைக் குறித்த ஆகுபெயர் என்று மாணவர் ஒப்பிக்கின்றனர். ஒரு தொட்டியில் ஆம்பலை நட்டு, வாரந்தோறும் நீரைச் சிறிது உயர்த்தினால், தண்டு நீள்வதைக் கண்ணாற் காண்பரே! அதற்கா நமக்கு வசதி இல்லை?

கொசு பெருகும், டெங்கி வரும் என்பர் சிலர். அச்சம் நியாயமானதே, 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டமும் உண்டு. நாலைந்து கப்பி மீன்களை விட்டால் அவை புழுக்களை உண்ணும். வாரந்தோறும் பார்வையிடுதல் ஆசிரியர் கடன். மாணவரை ஈயக்குட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அவற்றின் கரை செங்குத்தானது, உயிருக்கு ஊறு. பள்ளி வளாகத்தில் அகன்ற தொட்டி ஒன்று போதும். பழைய ரப்பர்த் தோட்டத்துச் செம்மண், களிப்பாங்கானதாக, அடியில் இருக்கட்டும். மக்கிய எரு வேண்டா, நீர் நாறும். கிழங்கின் மேல் முதலில் ஒரு சாண் நீர். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில். நீர் தேங்கி நிற்க வேண்டும். ஊற்றுக்குழாய் அழகு ஆம்பலுக்கு ஆகாது.

வினாத்தாள் ஆக்குவோர்க்கும் ஒரு சொல். ‘ஆம்பல் என்பது யாது?’ என்பதை விடுத்து, ஆம்பல் இலைக்கும் தாமரை இலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேளுங்கள். ஆம்பல் இலை ஓரிடத்தில் காம்புவரை பிளவுபட்டு நீர்மேல் படிந்து கிடக்கும். தாமரை இலை பிளவின்றி வட்டமாய் நீரைவிட்டு எழும். விடை எழுதுவோர் எத்தனை பேர், திருத்தத் தெரிந்தோர் எத்தனை பேர் என்று பார்ப்போம்.