முதலில் எழுத்து, அப்புறம் சிந்தனையா?

அண்மையில் ஓர் இதழ் வெளியிட்ட கல்விச் சிறப்புப் பகுதியில் ஒரு கட்டுரை இப்படி முடிகிறது: அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் எழுத்தும் வாய்ப்பாடும் கைவரட்டும், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், தன் சிந்தனையைத் தானே கவனித்தல் எல்லாம் அப்புறம். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள். அதனாலேயே இதைப் பேசாமல் விட மனமில்லை. அந்த ‘அப்புறம்’ ஏழைப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்ததாக நமக்குத் தெரியவில்லை.

கட்டுரையாளர் துணைக்கு அழைப்பது கல்வியியலாளர் ப்ளூமின் கூம்பை. அடியில் நினைவுகூர்தல், உச்சியில் படைத்தல் என்று பி.எட். படித்த எல்லோரும் வரைந்த படம். ப்ளூம் குழு 1956இல் வெளியிட்ட நூலில் அப்படியொரு படமே கிடையாது. கல்லூரித் தேர்வாளர்கள் கூடி, தேர்வுக் கேள்விகளை வகைபிரிப்பதற்காகத் தொடங்கிய வேலை அது. எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை அதில் உண்டு. கேள்விகளுக்கு வகுத்த அந்த வரிசை பாடம் நடத்தும் வரிசையாகி, கடைசியில் பிள்ளைகளைத் தரம்பிரிக்கும் அளவுகோலாகிவிட்டது. 2001இல் ஆண்டர்சனும் க்ராத்வாலும் அதைத் திருத்தியபோது மீயறிதலை, அதாவது தன் சிந்தனையைத் தானே கவனிப்பதை, உச்சியில் வைக்கவில்லை. அறிவின் நான்கு வகைகளில் ஒன்றாக்கி, நினைவுகூர்தல் முதல் படைத்தல் வரை ஆறு செயல்களுக்கும் குறுக்காக ஓடவிட்டார்கள். மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கும், தனக்கு எந்த வரி நிற்கவில்லை என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா?

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறாள் ஓர் ஆறாம் வகுப்புச் சிறுமி. மேலே மேலே, கீழே கீழே கூட்டிவிட்டாள். சிவப்பு மையால் அடித்து, சரியான விடையைப் பக்கத்தில் எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். ‘ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரிசா, சின்னதா?’ என்றும் கேட்கலாம். அவள் இரண்டு பட்டைகள் வரைந்து பார்க்கிறாள். சின்னது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்துபோனது எப்படி? தன் விடையைத் தானே சந்தேகிக்கிறாள். அடிப்படைக் கணக்கைக் கற்றுக்கொள்வதும் உயர்நிலைச் சிந்தனையும் அங்கே ஒரே நிமிடத்தில் நடக்கின்றன. எதை முதலில் வைப்பது, எதை அப்புறம் வைப்பது?

நம் பாடநூல்களிலும் ‘உயர் சிந்தனை வினாக்கள்’ என்று தனிப்பகுதி உண்டு. அது இருப்பது பாடத்தின் கடைசியில். கைடு நூல்கள் அவற்றுக்கும் விடை அச்சிட்டுத் தருகின்றன. பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்கிறார்கள். சிந்தனையைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினால் அதுவும் இன்னொரு மனப்பாடப் பகுதியாகிவிடும்.

இந்த இடத்தில் நன்னூலின் பாயிரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செவ்வையாகக் கேட்டாலும் காற்பங்குதான் தேறும். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைப்பதில்தான் மீதி அரை என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி கணக்குப் போட்டிருக்கிறார். அதே பாயிரம் யார் யார் மாணாக்கராகத் தகாதவர் என்று பட்டியலும் தருகிறது. நம் மரபில் இரண்டும் இருக்கின்றன. அந்தக் கட்டுரை தன்னை அறியாமலே பட்டியலின் பக்கம் போய் நிற்கிறது.

பார்பியானா பிள்ளைகள் அப்படியொரு பட்டியலில் தள்ளப்பட்டவர்கள். இத்தாலியின் டஸ்கனி மலைக் கிராமமான பார்பியானாவில், பாதிரியார் லொரென்ஸோ மிலானியின் பள்ளியில் படித்த எட்டுப் பேர் 1967இல் எழுதிய நூலை, ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்று தமிழில் நம்மில் பலர் படித்துக் கிறங்கியிருக்கிறோம். தோன்றியதையெல்லாம் தனித்தனித் தாளில் குறித்து, தாள்களைக் குவியல் குவியலாகப் பிரித்து, திரும்ப வருவதை நீக்கி, புரியாத சொல்லை மாற்றி அவர்கள் எழுதிய முறை அந்த நூலிலேயே இருக்கிறது. அங்கே பெரிய பிள்ளைகளே சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள். இவர்களுக்கு முதலில் எழுத்து வரட்டும் என்று மிலானி காத்திருந்தால் அந்த நூல் வந்திருக்காது.

ஃப்ரெய்ரே, வைகாட்ஸ்கி போன்ற கல்விச் சிந்தனையாளர்களை மேற்கோள் காட்டுகிறவர்கள் நம்மிடம் நிறைய. ‘ஏன் அப்படி நினைக்கிறாய்?’ என்ற கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்பதை மட்டும் பேச மாட்டோம். ஆசிரியரிடமே யாரும் அதைக் கேட்பதில்லை. அவருக்குச் சுற்றறிக்கை வருகிறது, எமிஸ் எனும் கல்வித் தகவல் இணையதளப் பதிவு வருகிறது, தேர்ச்சி விழுக்காடு கேட்டு அதிகாரி வருகிறார். தன் வகுப்பைப் பற்றிச் சொந்தமாக ஒரு முடிவெடுக்க உரிமையில்லாத ஆசிரியரிடம், பிள்ளைகளைச் சிந்திக்க வை என்று உத்தரவிடுவது அநியாயம்.

சிந்திப்பது தகுதி பெற்ற பிறகு கிடைக்கும் பரிசல்ல. முதல் வகுப்பிலிருந்தே பிள்ளைக்குள்ள உரிமை. இந்த இதழைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை சொன்ன தவறான விடையையும், அதன்பின் உங்கள் இருவருக்கும் இடையே நடந்த பேச்சையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். கட்டுரையாக்க வேண்டாம், கோட்பாடு சேர்க்க வேண்டாம். அடுத்த இதழில் அவற்றுக்குப் பக்கம் ஒதுக்குகிறோம்.