கேட்கும் இருதயம்

கிபியோனில் ஓர் இரவு, கனவில் தோன்றிய கர்த்தர் சாலொமோனுக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்கிறார். நீண்ட ஆயுளையோ ஐசுவரியத்தையோ அந்த இளம் ராஜா நாடவில்லை. ஒன்றும் அறியாத சிறுவனாகத் தன்னை அவர்முன் நிறுத்திக்கொண்டு, ஞானமுள்ள இருதயத்தை வேண்டுகிறான். எபிரேய மூலத்தில் அந்தச் சொற்களின் நேர்ப்பொருள், கேட்கிற இருதயம். தமிழில் ‘கேள்’ என்ற ஒரே சொல் வேண்டுவதற்கும் செவிகொடுப்பதற்கும் நிற்கிறது; இதைப் பெரிய வரமாகவே நினைக்கிறேன். நம் ஜெபங்களிலோ முதல் பாதிதான் இருக்கிறது. மகனுக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறோம். அவர் பேச நாம் இடமே விடுவதில்லை.

சாலொமோன் பெற்றதை எப்படிப் பயன்படுத்தினான் என்று பாருங்கள். ஒரு குழந்தைக்காக வழக்காடி வந்த இருவரும் வேசிகள், ஊரார் மதிக்காதவர்கள். அவர்களை ராஜா முழுதாகப் பேசவிடுகிறான். இவள் சொல்வது இது, அவள் சொல்வது இது என்று இருவர் வழக்கையும் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே, குழந்தையை இரண்டாகப் பிளக்க வாளைக் கொண்டுவரச் சொல்கிறான். எல்லோரும் அந்த வாளைப் பற்றிப் பேசுகிறோம். எனக்கு அதற்கு முந்தைய அந்த ஒரு வசனமே பெரிது. தாழ்மை அங்கேதான் தெரிகிறது.

பெற்ற ஞானம் பெட்டியில் பூட்டிவைக்கும் நகையல்ல. முதுமையில் அதே மனிதன் அந்நிய தேவர்களுக்கு மேடை கட்டினான். கர்த்தர் மறுபடி அவனோடு பேசுகிறார், இம்முறை கோபமாக. 1 இராஜாக்கள் 11ஆம் அதிகாரத்தில் அதற்கு அவன் சொன்ன பதில் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.