பாக்கெட் சாப்பாடு: கணக்கில் விட்டுப்போனது

டோம்பிவிலியில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் ஒரு அலமாரி உண்டு. முன்பு அதில் அப்பளக் கட்டும் ஊறுகாய் பாட்டிலும் இருக்கும். இப்போது சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், ராஜ்மா சாவல் என்று மதியச் சாப்பாடே பாக்கெட்டில் அடுக்கியிருக்கிறது. சிலவற்றை வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். சிலவற்றில் வெந்நீரை ஊற்றி மூடி வைத்தால் போதும். இவற்றைக் காசு கொடுத்து வாங்கலாமா என்பதில் நம் சங்கத்தில் இரண்டு கட்சி உண்டு. கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் அந்த விவாதம் சூடு பிடிக்கும். நான் வெகு நாட்கள் 'கூடவே கூடாது' கட்சியின் முன்வரிசையில் இருந்தவன்.

ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து 2019-இல் ஓய்வு பெற்றேன். எதையும் அளந்து எழுதிப் பார்ப்பது தொழில் புத்தி. மருமகள் ஒரு நாள் இரண்டு சாம்பார் சாதப் பாக்கெட் வாங்கி வந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பாக்கெட் ஒன்று 110 ரூபாய், எடை 300 கிராம். அதே அளவு வீட்டில் செய்தால் அரிசி 5 ரூபாய், துவரம்பருப்பு 5, காய் 10, புளி, பொடி, எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 10, கேஸ் 5. மொத்தம் 35 ரூபாய். வித்தியாசம் 75. மகனும் மருமகளும் மாதம் 22 நாள் வேலைக்குப் போகிறார்கள். இரண்டு பேருக்கு 3,300 ரூபாய் வீண்.

இதை இரவுச் சாப்பாட்டின்போது வாசித்தேன். "எங்கள் காலத்தில் ஒரு நாளாவது கடைச் சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருப்பேனா?" என்று ஒரு வரி கூடுதலாகவும் சொன்னேன். மருமகள் பதில் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். என் மனைவிதான் கேட்டாள்:

"உங்க காலத்துல அந்த டிபனைக் கட்டினது யாருங்க? அதுக்கு எவ்வளவு ரூபாய் போட்டிருக்கீங்க?"

நோட்டில் அதற்கு ஒரு வரி இல்லை.

கல்யாண் குவார்ட்டர்ஸில் குழாயில் தண்ணீர் காலை நாலரைக்கு வரும். அப்போது எழுந்து தண்ணீர் பிடித்து, அடுப்பை மூட்டி, ஆறு மணிக்குள் என் டிபன் கேரியரை மூடி வைப்பாள். கேங்மேன்கள் தண்டவாள ஓரத்தில் பாக்ரியும் வெங்காயமும் தேச்சாவும் பிரிக்கும்போது நான் சாம்பார் சாதமும் பொரியலும் பிரிப்பேன். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்ததே இல்லை. இன்று அவளுக்கு மூட்டு வலி. அரை மணிக்கு மேல் அடுப்படியில் நிற்க முடியாது. மருமகள் 7 மணி லோக்கலைப் பிடித்தால் வீடு திரும்ப இரவு 8 ஆகிறது. அவளும் நாலரைக்கு எழுந்தால்தான் என் 35 ரூபாய்க் கணக்கு சரியாக வரும்.

நம் மும்பையும் இப்படித்தான். 1890 வாக்கில் தொடங்கிய டப்பாவாலாக்களின் சேவையை உலகமே வியந்து பேசியது. டப்பா எப்படித் தவறாமல் போய்ச் சேருகிறது என்று ஆராய்ந்தார்கள். விடியற்காலையில் அதை நிரப்பியவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

அதற்காகப் பாக்கெட்டுக்கு நான் கொடி பிடிக்கவும் இல்லை. அதன் குணத்தையும் குறையையும் சொல்லிவிடுகிறேன்.

வெந்நீரில் போட்டு எடுக்கும் பாக்கெட்டில் 'மருந்து' கலக்கிறார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் வீண் பயம். சமைத்த உணவைப் பல அடுக்கு உறையில் காற்றுப் புகாமல் அடைத்து, அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி சூட்டில் வைத்துக் கிருமிகளைக் கொல்கிறார்கள். நம் வீட்டுக் குக்கரில் வெயிட் தூக்கும்போது உள்ளே இருக்கும் சூடும் ஏறக்குறைய அதுதான். 1961-இல் மைசூரில் நிறுவப்பட்ட பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக் கூடம் ராணுவ வீரர்களுக்காக இந்த முறையில் நிறைய வேலை செய்திருக்கிறது. உறை உப்பியிருந்தாலோ கிழிந்திருந்தாலோ மட்டும் தொடாதீர்கள்.

உண்மையான குறை உப்பு. என்னைப் போல ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உறையின் பின்புறம் பொடி எழுத்தில் 'சோடியம்' என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும். நான் பார்த்த ஒரு பாக்கெட்டில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் என்று இருந்தது. குறைவு போலத் தோன்றும். பாக்கெட் 300 கிராம், ஆக 1,200 மில்லிகிராம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு: 3 கிராம். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மதியம் ஒரு வேளையிலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. கூடவே ஊறுகாயும் அப்பளமும் வைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். காய்கறியும் பேருக்குத்தான் இருக்கிறது. இந்த இரண்டு காரணங்களால் தினசரிச் சாப்பாடாக இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாக்கெட்டுக்கும் நாலரை மணி அடுப்புக்கும் நடுவில் இந்த ஊரில் நல்ல வழிகள் உண்டு. மராத்தியர்களின் போளி பாஜி கேந்திராவில் அன்றைக்குச் சுட்ட சப்பாத்தியும் அன்றைக்குச் செய்த காயும் கிடைக்கும். பல இடங்களில் பெண்களே நடத்துகிறார்கள். நாம் கொடுக்கும் காசு ஒரு குடும்பத்துக்குப் போகிறது. அரைத்த இட்லி மாவு இப்போது எந்தத் தெருவிலும் உண்டு. அதை வாங்குவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் 'ரெடிமேட்' நமக்கு அந்நியமா என்ன? ஊருக்குப் போய்த் திரும்பும்போது புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் மிளகாய்ப் பொடியும் வற்றலும் இல்லாமல் யார் ரயில் ஏறினோம்? சாதம் மட்டும் வடித்தால் சாப்பாடு தயார். அம்மா கையால் பாட்டிலில் வந்ததால் அதற்கு நாம் விலை போடவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இப்போது நடைமுறை இது. அலமாரியில் நான்கு பாக்கெட் எப்போதும் இருக்கும். உடம்பு சரியில்லாத நாள், விருந்தாளி வந்து போன மறுநாள், மழையில் லோக்கல் நின்று நடு இரவில் வீடு வந்த மறுநாள், இவற்றுக்கு மட்டும். அந்த நாட்களில் 110 ரூபாய் அதிகமில்லை. வாரத்தில் ஒரு நாள் போளி பாஜி. மற்ற நாட்களில் வீட்டுச் சமையல். இரவே காய் நறுக்கி வைப்பது என் மகன். காலையில் குக்கர் வைத்து டப்பா கட்டுவது நான். முதல் மாதம் சாதம் குழைந்தது. மருமகள் "பரவாயில்லை மாமா" என்று எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகவே, பாக்கெட் வாங்கக் கூடாது என்று வாதிடும் அன்பர்களுக்கு, குறிப்பாக ஓய்வு பெற்ற ஆண்களுக்கு, ஒரு வேண்டுகோள். தாராளமாக வாதிடுங்கள். அதற்கு முன் ஒரு வாரம் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நீங்களே டப்பாவைக் கட்டுங்கள். அதன் பிறகு 75 ரூபாய் அதிகமா குறைவா என்று பேசுவோம்.