ஆட்டுக்குப் பல்... கம்ப்யூட்டருக்கு?

குட்டீஸ், ஒரு கேள்வி. வீட்டில் கம்ப்யூட்டர் கேட்டு அடம் பிடிக்கும்போது என்ன காரணம் சொல்வீர்கள்? "ஸ்கூல்ல புராஜெக்ட் கொடுத்திருக்காங்கப்பா..." இதுதானே? மனசுக்குள் ஓடுவது கேம். வாயில் வருவது புராஜெக்ட்!

அப்படிச் சொல்லி வகையாக மாட்டிக்கொண்ட ஒருவனை எனக்குத் தெரியும். என் அக்கா மகன். சின்னாளபட்டியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் அப்பாவுக்கு வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் வேலை. 2025 தீபாவளி போனஸில் 12 ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் வந்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். "எதுக்கு சார்?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். "பையன் படிப்புக்குத்தான்" என்று மச்சான் சொல்லியிருக்கிறார். படிப்புக்கான பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல முடியுமா?

இரண்டு நாள் கழித்து பையன் எனக்கு போன் செய்தான். "மாமா... மைன்கிராஃப்ட் ஓப்பனே ஆகல. ஆனா இது ஐ7 மாமா!" குரலில் அழுகை. அப்பாவிடம் சொல்லவும் முடியாது. படிப்புக்கு என்றுதானே வாங்கினார்? படிப்பு அதில் நன்றாகத்தான் ஓடுகிறது!

போய்ப் பார்த்தேன். ஐ7 ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்தது ஐ7-2600. கோடு போட்டு அதற்குப் பின்னால் வருகிற எண்ணைக் கவனியுங்கள். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-ல் வந்தது. 10100 என்றால் பத்தாம் தலைமுறை. 2020-ல் வந்த ஐ3-10100, இந்த ஐ7-ஐ விட வேகமானது. ஆக, ஐ3, ஐ5, ஐ7 என்பதை மட்டும் பார்த்து வாங்குவது, பையனின் பெயரைக் கேட்டுவிட்டு வயதைக் கேட்காமல் சட்டை தைப்பது மாதிரி.

அதோடு, படம் காட்டும் வேலைக்கு அந்தப் பெட்டியில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. சிப்புக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்.டி. 2000 தான். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு எச்.டி. 4000-ஆவது வேண்டும். அப்புறம் எப்படித் திறக்கும்?

"சரி, கார்டு வாங்கிப் போடலாமே" என்பீர்கள். அந்தப் பெட்டி மெலிந்த சைஸ். ஆபீஸ் மேஜையில் இடம் அடைக்கக் கூடாது என்று செய்தது. சாதாரண கார்டு உள்ளே நுழையாது; பாதி உயரக் கார்டுதான் போகும். அதன் பவர் சப்ளையும் சின்னது. தனியாக மின் ஒயர் கேட்கிற பெரிய கார்டுகளுக்குத் தாங்காது. விளையாட வாங்குகிறோம் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், கடைக்காரரே அகலப் பெட்டியாகப் பார்த்துக் கொடுத்திருப்பார்.

அதனால்தான் சொல்கிறேன் குட்டீஸ், 'விளையாடத்தான்' என்று வீட்டில் தைரியமாகச் சொல்லுங்கள். விளையாடுவது ஒன்றும் குற்றம் இல்லை. நானே பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து 'ரோட் ராஷ்' பைக் ஓட்டிய ஆள்தான்! எந்த விளையாட்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குக் குறைந்தது என்ன வேண்டும் என்பதை அந்த விளையாட்டின் தளத்தில் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரைத் தேடுவது அதற்குப் பிறகுதான். உங்கள் வயதுக்கு ஆகாத விளையாட்டு என்றால் அப்பா வேண்டாம் என்பார். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பழசு வாங்குவதே தப்பு என்கிறார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் கம்ப்யூட்டர் பழசாக இருப்பதே நல்லது. விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த வழக்கமான அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதனால் ஓடிக்கொண்டிருந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பல, கெட்டுப்போகாமலே பழசாகிவிட்டன. 2025 கடைசியில் புது ரேம் விலையும் கிடுகிடுவென ஏறியது. ரேமோடு சேர்ந்து வரும் பழைய பெட்டிக்கு அதிலும் ஒரு லாபம். என்னைக் கேட்டால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எட்டாம் தலைமுறைக்கு மேலே பாருங்கள். வேலரன்ட் மாதிரி சில ஆன்லைன் விளையாட்டுகள், விண்டோஸ் 11-ல் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாவிட்டால் ஓட மறுக்கின்றன.

இந்தக் கதையை மச்சானின் அப்பாவிடம் சொன்னேன். அவர் அய்யலூர்க்காரர், ஆடு வளர்ப்பவர். அங்கே வியாழக்கிழமை தோறும் ஆட்டுச்சந்தை கூடும். "பல்லைப் பார்க்காம எவனாச்சும் ஆடு வாங்குவானாய்யா?" என்று சிரித்தார். வாயைத் திறந்து பல்லை எண்ணினால் வயசு தெரிந்துவிடும். முதுகெலும்பைத் தடவினால் கறி தெரிந்துவிடும். வயிறு புடைக்கத் தண்ணீர் காட்டிக் கொண்டுவந்த ஆட்டைப் பார்த்து ஏமாறக் கூடாதாம். கலர் கலராக லைட் எரியும் கேபினெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த ஆடுதான் நினைவுக்கு வருகிறது!

கம்ப்யூட்டருக்கும் பல் உண்டு. கடையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போனால் சிப்பின் முழுப் பெயர், ரேம் அளவு எல்லாம் தெரியும். ஹார்ட் டிஸ்க் எத்தனை மணி நேரம் உழைத்திருக்கிறது என்று 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' காட்டும். கிராபிக்ஸ் கார்டில் போலிகளும் உண்டு. பழைய கார்டில் புதுக் கார்டின் பெயரை ஏற்றி விற்பார்கள். 'ஜி.பி.யு-இசட்' என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், அப்படிப்பட்ட பல கார்டுகளின் குட்டு உடைந்துவிடும். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பின்னால் போகிறதா? பயப்படாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். சின்னச் செலவுதான். ஆனால் பேரம் பேச நல்ல சாக்கு!

எல்லாவற்றுக்கும் மேலே, விளையாட்டை அரை மணி நேரமாவது அங்கேயே ஓடவிட வேண்டும். தூசி அடைத்த ஃபேனும், காய்ந்துபோன பேஸ்ட்டும் ஐந்து நிமிடத்தில் தெரியாது. சூடேறிய பிறகுதான் திணறும். 'ஓட்டிப் பார்க்க விடமாட்டேன்' என்கிற கடையில் எனக்கு வேலை இல்லை.

ஆமாம், அந்தப் பையன் என்ன ஆனான்? "அப்பாகிட்ட நீயே சொல்லிடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரம் இழுத்தான். பிறகு சொல்லிவிட்டான். மச்சான் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு, "என்ன வெளையாட்டுடா அது? போன்ல காட்டு" என்றாராம்.

பொங்கல் லீவில் தாத்தா, அப்பா, பையன் மூவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் தேடி எடுத்து, பாதி உயரக் கார்டு ஒன்றைப் பொருத்தினார். மைன்கிராஃப்ட் திறந்தது. பையன் கட்டைகளை அடுக்க ஆரம்பித்தான். அரை மணி நேரம் ஆனதும் தாத்தா எழுந்து போய், பெட்டியின் முதுகில் கையை வைத்துப் பார்த்தார்.

"சூடு கம்மிதான். சரி, வெலையைச் சொல்லுய்யா" என்றார்.