மண்ணுக்கேற்ற மாடும் "பழகிவிடும்" என்ற நம்பிக்கையும்

புதிதாகக் கறவைப் பசு வாங்கி வரும் விவசாயியிடம், "இது நமது வெயிலைத் தாங்குமா?" என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர், "ஒரு கோடை போனால் பழகிவிடும்" என்றே விடையளிக்கின்றனர். தவளக்குப்பம் வட்டாரத்தில் இந்த ஒரு சொல்லை நம்பியதால் விளைந்த நஷ்டம் கொஞ்சமன்று. இதை எழுதும் நானும் ஒரு காலத்தில் அச்சொல்லை நம்பியவனே. நம்பியதோடன்றிப் பிறருக்கும் உபதேசித்தவன்.

உத்தியோகத்தில் அமர்ந்த புதிதில், கடலோரத்து ஊரொன்றில் இரண்டு காணி நிலமுடைய ஒரு பெரியவருக்கு, முக்கால் பங்குக்கு மேல் சீமை இரத்தமுள்ள கிடேரி ஒன்றை வாங்கும்படி யோசனை சொன்னேன். தை மாதத்தில் ஈன்ற அப்பசு அள்ளிக் கறந்தது. ஊரார் வந்து பார்த்துப் போயினர். அக்கினி நட்சத்திரம் பிறந்ததும் அது வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, நாளெல்லாம் மூச்சு வாங்கிற்று, தீனியை ஒதுக்கிற்று, பால் பாதியாகக் குறைந்தது, மூன்று தரம் ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. ஆவணியில் உண்ணிக் காய்ச்சல் கண்டு நான்காம் நாள் இறந்தது. "பழகிப்போகும் என்றீர்களே, தம்பி" என்று அப்பெரியவர் ஒரே ஒரு தரம் கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

பழக்கம் என்பது முற்றிலும் பொய்யன்று. கோடையில் மாடு மயிரை உதிர்க்கிறது. நீரை அதிகம் குடிக்கிறது. நிழலை நாடக் கற்றுக்கொள்கிறது. ஆயினும் அவ்வளவும் அந்த ஒரு மாட்டோடு முடிந்துவிடும். அதன் கன்று அதைப் பெற்றுப் பிறப்பதில்லை. நமது பெண்மக்கள் எத்தனை நூறு தலைமுறைகளாகக் காது குத்திக்கொண்டு வருகின்றனர்! இருந்தும் துளையுள்ள காதோடு ஒரு குழந்தையேனும் பிறந்ததுண்டோ? தாய்ப்பசுவின் விலாவிற் போட்ட சூடு கன்றின் தோலிலே காணப்படுகிறதோ? உடல் தன் வாழ்நாளிற் பட்டதும் பழகியதும் ஒன்று. விந்திலும் கருவிலும் மரபணுக்களாக இறங்கி வருவது மற்றொன்று. மாடு வாங்குபவர் விலை கொடுப்பது இரண்டாவதற்கே.

அப்படியானால் நாட்டு மாடு இவ்வெயிலைத் தாங்கும் தன்மையை எங்கிருந்து பெற்றது? ஒரு மந்தையில் எந்த இரண்டு கன்றும் முழுதும் ஒன்றுபோலிரா. ஒன்றுக்குத் தோல் சற்றுத் தளர்ந்திருக்கும். ஒன்றுக்கு மயிர் குட்டையாயிருக்கும். ஒன்று உலர்ந்த புல்லைத் தின்றும் தேறும். வறட்சியும் உண்ணியும் கோமாரியும் வந்தபோது, தாங்காதவை கன்று விடாமலே மாண்டன. தாங்கியவற்றின் கன்றுகளே அடுத்த மந்தையாயின. சிந்து நதிக்கு மேற்கேயுள்ள மேஹர்கர் என்னுமிடத்தில் திமிலுள்ள மாடுகளை மனிதர் வளர்க்கத் தொடங்கிச் சுமார் 8,000 வருஷங்களாகின்றன. அதற்கு வெகு முன்பே, பல இலட்சம் வருஷங்களுக்கு முன்னர், சீமை மாட்டின் காட்டு முன்னோரும் நம் மாட்டின் காட்டு முன்னோரும் வெவ்வேறு கிளைகளாகப் பிரிந்துவிட்டன. ஆகையால் நாட்டு மாட்டின் பொறுமை என்று நாம் சொல்வது, உண்மையில் கணக்கற்ற சாவுகளின் மிச்சம்.

மனிதருக்கும் இதே நியாயந்தான். 1952ஆம் வருஷத்தில் லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர்கள், நமது நீலகிரி மலைவாசிகளிற் சிலரின் இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாளைப்போல் வளையும் தன்மை உடையவை என்று கண்டு வெளியிட்டனர். தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மாத்திரம் அந்த மரபணுவைப் பெற்ற குழந்தை, கொடிய மலேரியாவிலிருந்து பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையோ, சோகையாலும் மூட்டு வலியாலும் ஆயுள் முழுவதும் அவதிப்படும். மலேரியா மலிந்த காட்டில் அது காவல். மலேரியா நீங்கிய ஊரில் அது வெறும் நோய். எந்தப் பொருத்தமும் ஓர் இடத்துக்கே பொருத்தம் என்பதும், அதற்கு ஒரு விலை உண்டு என்பதும் இதனால் விளங்கும்.

நாட்டுப் பசுவின் பொருத்தத்துக்கும் விலை உண்டு. அவ்விலை பால். பால் உற்பத்தி செய்யும் உடல் அடுப்பைப்போலத் தனக்குள்ளே உஷ்ணத்தை உண்டாக்குகிறது. பத்துப் பன்னிரண்டு லிட்டர் கறக்கும் பசு அதற்கேற்பத் தின்னவும் செரிக்கவும் வேண்டும். அவ்வளவு சூட்டையும் வெளியே தள்ளவும் வேண்டும். ஹாலந்து தேசத்துக் குளிரில் உருவான கருப்பு வெள்ளை மாட்டுக்கு அது எளிது. காற்றின் வெப்பம் சுமார் 25 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போதே அதற்குச் சங்கடம் தொடங்குகிறது. நமக்கோ பெரும்பாலும் மழை, பனிக்கால இரவுகளிலேதான் அதற்குக் கீழே இறங்குகிறது. நாட்டு மாடு குறைவாகத் தின்று, குறைவாகக் கறந்து, உள்ளடுப்பைச் சிறிதாகவே எரிய விடுகிறது. அதன் தொங்கும் அலைதாடியும், பளபளக்கும் குட்டை மயிரும், மயிருக்கடியிலுள்ள கருந்தோலும், நெருங்கிய வியர்வைச் சுரப்பிகளும் அச்சிறு சூட்டையும் வெளியேற்றுகின்றன. "இரண்டு லிட்டர் கறக்கும் சோம்பேறி" என்று அதை ஏசுபவர்கள், அச்சோம்பலே அதன் உயிர்க்காவல் என்பதை அறியார்.

இங்கே எருமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு; தோலோ கருமை. அது வெயிலை வெல்வது உடம்பால் அன்று, குட்டையால். ஊர்க் குட்டையைத் தூர்த்து மனையாக்குகிறவர்கள் எருமையின் உடம்பிற் பாதியைப் பிடுங்கி எறிகின்றனர் என்றே சொல்ல வேண்டும். கொம்யூன் அதிகாரிகளும் கிராம நிர்வாக அதிகாரிகளும் இதைக் கொஞ்சம் கவனிக்கக் கோருகிறேன்.

நாம் வேண்டாமென்று தள்ளியதைப் பிறர் எடுத்துச் சென்ற கதையும் உண்டு. பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர், ஓங்கோல் பகுதிகளின் மாடுகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து 1962ஆம் வருஷம் வரையில் பல தவணைகளாகப் பிரேஸில் தேசத்துக்குக் கப்பலேறின. ஐரோப்பிய மாடுகள் உண்ணியாலும் உஷ்ணத்தாலும் திணறிய அந்நாட்டில் இவை பெருகின. இன்று அத்தேசத்தின் மந்தைகளிற் பெரும்பகுதி நம் திமில் மாட்டின் வம்சமே. அவற்றிற் பேர்போன இனத்துக்கு நெல்லூரின் பெயரையே வைத்திருக்கின்றனர். அமெரிக்காவின் தென்பகுதியிலும் இந்திய மாடுகளைக் கலந்து 'பிராமன்' என்னும் இனத்தை உண்டாக்கினர். வெயில் தேசத்துக்காக அவர்கள் நமது இரத்தத்தை வாங்கிக்கொண்டிருந்த காலத்துக்குப் பின்னரே நாம் குளிர்தேசத்து இரத்தத்தைப் பெரும் அளவில் வாங்கலானோம்.

இதனாற் சீமைக் கலப்பையே ஒழிக்க வேண்டுமென்பது என் கட்சியன்று. உழவு டிராக்டருக்குப் போய்விட்டது. பால் பணத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் நடக்கிறது. 2019ஆம் வருஷத்து 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில், முந்தைய கணக்கைவிடக் கலப்பின, சீமை மாடுகள் 26.9 சதவீதம் பெருகியும், நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்தும் காணப்பட்டன. இது விவசாயியின் அறியாமையால் நேர்ந்ததன்று. கணக்குப் பார்த்ததால் நேர்ந்தது. நான் சொல்வது அக்கணக்கை முழுமையாகப் பார்க்க வேண்டுமென்பதே. தை மாதத்துக் கறவையை மட்டும் எழுதி, சித்திரை வைகாசியிற் குறைந்த பாலையும், தவறிய சினையையும், மருந்துச் செலவையும் எழுதாமல் விடுவது கணக்காகாது.

என் அபிப்பிராயத்தில் நமது கடலோரத்துக்குப் பாதி இரத்தமே எல்லை. நாட்டுப் பசுவுக்கும் ஜெர்ஸிக் காளைக்கும் பிறக்கும் முதற்கலப்புக் கிடேரி பாலும் தரும். வெயிலையும் ஓரளவு தாங்கும். அதற்கும் மேலே மேலே சீமை விந்தையே செலுத்தி, முக்கால், முக்காலே அரைக்கால் என்று ஏற்றிக்கொண்டு போவதிலேதான் கேடு வருகிறது. கொட்டகையும் மின்விசிறியும் பசுந்தீனியும் ஓயாமல் அளிக்கக்கூடிய பெரும் பண்ணைக்காரர் ஏற்றிப் பார்க்கலாம். இரண்டு காணிக்காரர் பார்க்கலாகாது.

2017ஆம் வருஷத்து ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சிக்குப் பின் நாட்டு மாட்டின்மேல் ஜனங்களுக்குப் பிரியம் உண்டாகியிருப்பது சந்தோஷமே. ஆனால் அப்பிரியத்தில், கத்தியவார் தேசத்துக் கிர் பசுவைப் பெரும் விலைக்கு வாங்கி வந்து, "நாட்டு மாடு" என்று மாலை போடுகின்றனர். அதுவும் திமில் மாடுதான், வெயிலைத் தாங்கும். எனினும் அதன் நாடு நமது நாடன்று. காங்கேயம் மாடு உருவானது கொறங்காட்டின் உலர்ந்த மேய்ச்சலில். உம்பளச்சேரி மாடு உருவானது நாகை, திருவாரூர்ப் பக்கத்துச் சேற்றில். கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை எளிதில் உலராது என்பதால், வறண்ட சீமையில் அருமையாக விளங்கும் மாடும் இங்கே சற்றுத் தளரக்கூடும். நம் பாகூர் ஏரிப் பாசனத்திலும் தென்னந்தோப்புகளிலும் மேய்ந்த, பெயரில்லாத சிறு மாட்டை எவரும் படம் பிடிப்பதில்லை. முதற்கலப்புக்குத் தாயாவது அதுவே. தாய் ஒழிந்தால் முதற்கலப்பு ஏது? ஆதலால் மாடு வைத்திருக்கும் பெரிய குடும்பங்கள், தலைக்கு ஒரு நாட்டுப் பசுவையேனும் நாட்டுக் காளைக்கே விட்டு வர வேண்டுமென்றும், ஊருக்கு ஒரு நல்ல பொலிகாளையை நிலமுடையோர் கூடி நிறுத்த வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன்.

சினை ஊசி போடுகிறவர் வந்தால், குச்சியில் எழுதியிருக்கும் காளையின் எண்ணையும், இனத்தையும், இரத்தப் பங்கையும் கேட்டு ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் அன்றே குறித்துக்கொள்ளவும். மாடு வாங்கும்போது, விற்பவரிடம் இதே விவரங்களைக் கேட்கவும். தெரியாது என்று சொன்னால், அந்த மாட்டை வைகாசி மாதத்துப் பிற்பகலில் இன்னொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு விலை பேசவும்.